நட்சத்திரம் போட்ட நாலணா

அடுத்து யாராக ஏறுவது என்று இன்னும் முடிவாகவில்லை, அதற்குள் பஸ் மெயின்கார்டு கேட்டைத் தாண்டிவிட்டது. பஸ் என்றால் எங்கள் வீட்டு ஹால்தான். பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டு, நடுவில் ஆள் நடக்க வழி விட்டு, முன்னால் அம்மாவின் தையல் மிஷினை டிரைவர் சீட்டாக்கி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருவே கறிச்சோறு தின்றுவிட்டுக் கவிழ்ந்து கிடக்கிற நேரத்தில், சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவெறும்பூருக்கு ஒரு டிரிப் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஏறுகிற சனம் பூராவும் நான். கண்டக்டர் மட்டும் நிஜக் கண்டக்டர். ஜன்னலோரம் மர நாற்காலியில், தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சவரிமுத்து, என் அப்பா. முதலில் காலேஜ் பையன் ஏறினான், "அண்ணே, பாஸு வீட்ல இருக்கு, ஆளு மட்டும்தான் வந்திருக்கேன்." அப்புறம் எங்கள் பங்குச் சாமியார், மூக்கடைத்த குரலில், "மகனே சவரி, காந்தி மார்க்கெட்டுக்கு ஒரு சீட்டு. ஆண்டவர் உன்ன ஆசீர்வதிப்பார். மீதிச் சில்லறைய அவரு குடுப்பாரா, நீ குடுப்பியா?" அப்பாவின் வாயில் இன்னும் நேராக இருக்கிற பாதி சிரித்தது, மற்றப் பாதி வழக்கம்போல வேறு யாருடைய வாயோ மாதிரி சும்மா இருந்தது. அப்புறம் ஒரு கைக்குழந்தைக்காரி. வீறிடுகிற குழந்தையும் நான், "அடங்குதா பாரு சனியன்" என்கிற தாயும் நான், "ஏம்மா புள்ளைக்குக் காத்து வர்ற மாதிரி ஒக்காரு" என்று பின் சீட்டிலிருந்து புத்தி சொல்கிற பெரிய மனுஷனும் நான். ஒவ்வொருத்தரும் நீட்டுகிற காசை அப்பா வலது கையில் வாங்குகிறார். விரல்கள் மூடுவதற்கு நேரமாகிறது, நான் காத்திருக்கிறேன். காசைப் பைக்குள் போடுகிறார். இடது கையால் பழைய டிக்கெட் கட்டில் ஒன்றைக் கிழித்துத் தருகிறார். என் பாக்கெட்டில் இப்போது இன்னொரு காசு இருக்கிறது, தொடையில் குத்துகிறது, அதை நீட்டப்போகிற ஆள் யார் என்பதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தப்பான ஆள் நீட்டினால் அவர் நம்பமாட்டார்.

குரலுக்கு எனக்குப் பஞ்சமே இல்லை, அதுதான் தொல்லை. குரல் எனக்குத் தும்மல் மாதிரி ஒட்டிக்கொள்ளும், ஒருத்தர் இரண்டு வார்த்தை பேசினால் போதும். ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் குரலில் ஸ்டாஃப் ரூமுக்குப் போன் போட்டு, "மிஸ்டர் டேனியல், கிரவுண்ட்ல மாடு வந்திருக்கு, ஒடனே போய் அப்புறப்படுத்துங்க" என்று பி.டி. சாரை ஓடவிட்டேன். அவர் போய்ப் பார்த்தால் நிஜமாகவே ஒரு மாடு நின்றதாம், அதனால் நான் தப்பித்தேன், "நம்ம சிஸ்டருக்கு ஞானதிருஷ்டிம்மா" என்று அவர் இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஆனால் நான் முதன்முதலில் பிடித்த குரல் அப்பாவுடையதுதான். ஊரே அந்தக் குரலில்தான் நகர்ந்தது. "உள்ள போ உள்ள போ, நடுவுல சும்மாதான கெடக்கு, பரதநாட்டியமே ஆடலாம்." ஒரு லீவு நாளில் என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். அரியமங்கலத்தில் டீ குடிக்க இறங்கினார். நான் பின் படியில் நின்று அவருடைய குரலிலேயே "போலாம் ரைட்" என்றேன். டிரைவர் மாமா திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டார். அப்பா கையில் டீ கிளாஸோடு ஓடி வந்தார், பஸ்ஸே சிரித்தது, டீ பூராவும் சட்டையில். ஏறிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, "எவன்டா எனக்கு மேல கண்டக்டரு" என்று தேடினார். என்னைக் கண்டுபிடித்ததும் திட்டவில்லை. "இன்னொருக்கா சொல்லு" என்றார். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், "கடைசியில கொஞ்சம் இழுக்கணும்டி, ரைட்டுனு வெட்டக்கூடாது, ரை...ட், அப்பத்தான் வண்டி நோகாமக் கெளம்பும்." போன வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் காலை, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றுகொண்டே இருந்தார், அப்புறம் சரிந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். வலது பக்கம் போனது, பேச்சும் போனது. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம். போலாம். பசித்தால் போலாம், தண்ணீருக்குப் போலாம், அம்மா முகம் துடைத்துவிடும்போது வெட்கத்தில் ஒரு போலாம், ராத்திரி கால் இழுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு போலாம். ஒவ்வொன்றையும் பிரித்துத் தெரிந்துகொள்ள இந்த வீட்டில் என்னால்தான் முடியும், அம்மா தண்ணீர் கொடுக்கவேண்டிய இடத்தில் தலையணையைத் தூக்கிவிடுவாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து, உள்ள போ உள்ள போ என்று அவருடைய பழைய குரலை எடுத்தேன். கோபப்படவில்லை. தன்னுடைய சட்டையை இன்னொருத்தர் போட்டுக்கொண்டு தெருவில் போவதைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் அந்தக் குரலை நான் தொடுவதில்லை. தொடாமலே வைத்திருந்தால் கெட்டுப்போகுமோ என்று குளிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொல்லிப் பார்ப்பேன். போன வாரம் சொன்னபோது, அது அப்பா மாதிரி இல்லை, அப்பாவை நையாண்டி செய்கிற நான் மாதிரி இருந்தது. சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.

"ஏன்டி ரெஜினா, மனுஷன் செத்த நேரம் கண்ண மூடட்டும்டி," அடுப்படியிலிருந்து அம்மா. "ஏம்மா, ஓடுற பஸ்ஸுல கண்டக்டர் தூங்கலாமா? டிரைவரே, ஹாரன் அடிங்க!" அம்மா கழுவிக்கொண்டிருந்த தட்டில் கரண்டியால் ணங் என்று ஒன்று போட்டாள். அப்பா, "போலாம்." இது சிரிப்புப் போலாம். வண்டி காந்தி மார்க்கெட் வந்துவிட்டது, இன்னும் எனக்கு ஆள் கிடைக்கவில்லை, அப்பாவின் கை பைக்குள் போய்விட்டது. அது எப்போதும் அங்கேதான் இருக்கும். பை நிறைய நாலணாக் காசு, எவர்சில்வர் காசு, ஒரு பக்கம் காண்டாமிருகம். மறுபக்கம் வருஷம், வருஷத்துக்குக் கீழே கண்ணை இடுக்கிப் பார்த்தால் ஒரு புள்ளி, அல்லது ஒரு சின்ன வைரம், அல்லது ஒரு நட்சத்திரம், அல்லது ஒன்றுமே இல்லை. எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்த காசு என்பதற்கு அது அடையாளம், நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒவ்வொரு குறிக்கும் ஒரு காசு சேர்க்கவேண்டும், அதுதான் அப்பாவின் பைத்தியம். தடிமனான ஆல்பத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைகள், எல்லா உறையிலும் ஒரு காண்டாமிருகம் மேய்கிறது, கடைசிப் பக்கத்தில் கீழ் வரிசையில் ஒன்றில் மட்டும் காற்று. அந்த ஒரு வருஷத்தின் நட்சத்திரக் காசு அவருக்குச் சிக்கவே இல்லை. கடையில் கிடைக்காதா என்றால் கிடைக்கும். அவர் வைத்திருந்த சட்டம் அப்படி. தன் பைக்கு வந்த காசுதான் ஆல்பத்துக்குப் போகும், டிக்கெட்டுக்காக யாரோ நீட்டி, தன் கையில் விழுந்த காசு. அப்படி ஒன்று விழுந்தால், தன் சட்டைப் பையிலிருந்து அதற்குச் சமமாகக் கம்பெனிப் பையில் போட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்வார். நாலணா இனிமேல் செல்லாது என்று அரசாங்கம் சொல்வதற்கு ரொம்ப முன்னாடியே மற்றக் கண்டக்டர்கள் அதை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அப்பா மட்டும் வாங்கினார். ஊரில் இருக்கிற நாலணா எல்லாம் அவர் வண்டி தேடி வந்தது, உண்டியலை உடைத்துக்கொண்டு பிள்ளைகள், மடி நிறையக் கட்டிக்கொண்டு கிழவிகள், மெயின்கார்டு கேட் பிச்சைக்காரர் ஒருத்தர் பத்திரமாகச் சேர்த்து வைத்து, "முத்தண்ணே, ஒங்க சரக்கு" என்று ஜன்னல் வழியாகக் கொட்டுவார். அத்தனையிலும் அந்த ஒன்று இல்லை. டிரைவர் மாமா ஒரு கிறிஸ்துமஸுக்கு அதைக் கடையில் வாங்கி, பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா பிரித்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது, நான் பார்த்தேன், மலர்ந்தது. அப்புறம் திரும்ப மடித்து மாமாவின் கையிலேயே வைத்தார். "தப்பா எடுத்துக்காத மாப்ள. இது என் பைக்கு வந்ததில்ல."

எனக்கு அது திமிராகத் தெரிந்தது அப்போது. இப்போது என்னவாகத் தெரிகிறது என்று யோசித்தால் யோசனை வழுக்குகிறது. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி போட்டிருந்தார்கள், மணவறை இருக்கிற மேடையில் மொகலாயர் காசு, பந்தி நடக்கிற கூடத்தில் நம்மூர்க் காசு. கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கவிட்ட ஒரு மாமா, "இதுவா கேக்குற? இது ரேரெல்லாம் இல்ல பாப்பா, சாக்குல கெடக்கு," என்று ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார், ஒரு நிமிஷத்தில் எடுத்தும் கொடுத்துவிட்டார். ஒரு மனுஷன் தன் சர்வீஸ் பூராவும் தேடினதை ஒருத்தர் கொட்டாவி விட்டுக்கொண்டே எடுக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அவர் டப்பாவை உதைக்கவேண்டும் போல வந்தது. புத்தம்புதுக் காசு, எந்தக் கையும் படாதது, என் மூக்கு அதில் தெரிந்தது. "ஓரத்தப் புடி, ஓரத்தப் புடி! மூஞ்சியத் தொடாத! வெரல் பட்டா போச்சு," என்று அலறினார். ஓரத்தைப் பிடித்துக்கொண்டே மண்டபத்துக்கு வெளியே வந்தேன், வாசலிலிருந்த சிமெண்டுத் தரையில் அதைக் குப்புறப் போட்டு, செருப்புக் காலால் தேய்த்தேன். பளபளப்பாக இருந்தால் பைக்கு வந்த காசு ஆகாதே. அன்றையிலிருந்து அதைப் பழசாக்குவதுதான் எனக்கு வேலை. சாவிக்கொத்தோடு டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். பி.டி. பீரியடில் சாக்ஸுக்குள் வைத்து ஓடினேன், குதிகால் புண்ணானது. துவைக்கிற கல், அம்மியின் முதுகு, பாத்திரம் தேய்க்கிற கம்பி. அந்தப் பூதக்கண்ணாடி மாமா பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருப்பார். தோழி ஜெசிந்தா, "லூசு, நல்ல காச நாசம் பண்றியே" என்றாள். "நாசம் பண்ணலடி, வேலைக்கு அனுப்புறேன்" என்றேன். கடைசியில் காசு களைத்துப்போய், நாலு ஊர் சுற்றி, யாரோ இடுப்பில் முடிந்துவைத்து மறந்த மாதிரி ஆகிவிட்டது. ஆகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் போன செவ்வாய்க்கிழமை பிசியோதெரபிக்காரர் வந்தார். ரப்பர் பந்தைக் கொடுத்தால் அப்பா அதைக் கீழே போட்டுவிடுவார், களிமண்ணைக் கொடுத்தால் முறைப்பார். ஆனால் பைக்குள் வலது கையை விட்டு நாள் பூராவும் கிளறுவார். ஒரு காசை எடுத்து, திருப்பி, வருஷத்துக்குக் கீழே பார்த்து, திரும்பப் போட்டு, அடுத்ததை எடுப்பார். எல்லாமே அவர் முன்னமே பார்த்த காசுகள், அதில் இல்லை என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் தேடுவார். பிசியோக்காரர் அவருடைய கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, "அடேயப்பா! முன்னைக்கு எவ்வளவோ தேவலையே," என்று அம்மாவிடம், "இந்தப் பையக் கெளர்றதுதாம்மா இவருக்கு வைத்தியம். என்ன ஆனாலும் இத மட்டும் விட்டுடச் சொல்லாதீங்க." அப்போது காசு என் சாக்ஸுக்குள் இருந்தது. அன்றையிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். அது கிடைத்துவிட்டால் அப்புறம் எதைத் தேடுவார்? நிறுத்திவிட்டால் அந்தக் கை? கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் ஒவ்வொரு காசையும் திருப்பிப் பார்த்துத் திரும்பப் போடும்போது தோள் ஒரு தடவை இறங்கும், லேசாகத்தான், நாள் பூராவும் இறங்கும், அதைப் பார்த்துக்கொண்டே காசைச் சாக்ஸில் வைத்திருக்க நான் என்ன கல்லா? கிடைத்தால் சந்தோஷப்படுவார், சந்தோஷம் வந்தால் தெம்பு வரும், தெம்பு வந்தால் கை தானாக வரும். இப்படி ஒரு கணக்கு. நிறைந்த ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் இருக்கவேண்டும், ஒரே ஒரு தடவை, முழுசாக, அதை நான் பார்க்கவேண்டும். இப்படி இன்னொரு கணக்கு, இது எனக்காகப் போடுகிற கணக்கோ? வேறு பைத்தியம் பிடிக்கவைத்தால் சரியாகிவிடும், எட்டணாக் காசு இருக்கிறது, பெரிய ஒரு ரூபாய் இருக்கிறது, பஸ்ஸா நின்றுவிடும்? அரியமங்கலம் வந்துவிட்டது, அடுத்தது காட்டூர்.

காட்டூர்! அட, செல்லக்கண்ணம்மாவை எப்படி மறந்தேன். காட்டூரில் ஏறுகிற கருவாட்டுக்காரம்மா, தினம் அப்பாவோடு கூடைக்கு லக்கேஜ் சண்டை போடுகிறவள், இடுப்பு முடிச்சிலிருந்து நாலணா நாலணாவாக எண்ணிக் கொடுப்பவள். அந்தக் காசை வாங்கினால் அன்றைக்குப் பூராவும் பை மணக்கும் என்பார் அப்பா. அவள் தந்தால் நம்புவார். ஓடிப்போய் அடுப்படி டப்பாவிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்துக் காசை அதில் நன்றாகப் புரட்டினேன். "என்னடி கருமம் பண்ற?" "மேக்கப்பும்மா." துண்டைச் சும்மாடாகச் சுற்றி, துணிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பை ஒடித்து நடந்து வந்தேன். "யே சவரித் தம்பி, கை குடுய்யா, கூட கனக்குது. என்னா, லக்கேஜா? கூடைக்கு லக்கேஜு கேட்டியின்னா பாத்துக்க, ஒம் பொண்டாட்டிக்கு நெத்திலி கெடையாது. யோவ் பெருசு, கால மடக்கு, சீட்டு என்ன ஒங்கப்பன் வீட்டுதா?" அப்பாவின் உடம்பு குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார், அடுப்படி வாசலில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். "இந்தா டிக்கெட்டுக்கு," என்று சுடிதார் நுனியில் முடிந்திருந்ததை அவிழ்த்து, ஒன்று, ஒன்று, ஒன்று என்று அவர் உள்ளங்கையில் வைக்கிறேன், நடுவில் அதையும். கை மூடுகிறது. பைக்குள் போகிறது. நின்றுவிடுகிறது. வெளியே வருகிறது. சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்கிறது, இறங்க மறந்து நிற்கிறது. ஒரு காசை மட்டும் ஒதுக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்குகிறார். மூக்கருகே கொண்டுபோகிறார். கருவாடு. வருஷம். வருஷத்துக்குக் கீழே.

இப்போது நான் மூச்சு விடலாமா கூடாதா? தலையில் கூடையோடு செல்லக்கண்ணம்மாவாகவே நிற்கிறேன். அப்பா காசைத் திருப்புகிறார். காண்டாமிருகத்தின் முதுகில் நகத்தை வைத்து மெதுவாக ஓட்டுகிறார், அங்கே மடிப்புகள் கூர்மையாக, நேற்று அடித்ததுபோல, நகம் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் போகிறது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது, அப்போதுதான் உறைக்கிறது. கைமாறிக் கைமாறித் தேய்கிற காசு முதலில் மேட்டில்தான் மழுங்கும். கல்லில் நான் தேய்த்ததெல்லாம் விளிம்போடு நின்றுவிட்டது, கம்பியால் பள்ளத்தையெல்லாம் கீறி வைத்திருக்கிறேன், முதுகு அப்படியே இருக்கிறது. இத்தனை வருஷம் காசையே தடவின விரல், அதனிடமா என் வேஷம் செல்லும்? போச்சு. மாமாவுக்குச் செய்த மாதிரி மடித்து என் கையில் திரும்ப வைக்கப்போகிறார், வைக்கட்டும், வைத்தால் நல்லதுதான், வைத்தால் நாளைக்கும் பையைக் கிளறுவார், வையுங்கப்பா, இது உங்கள் பைக்கு வந்ததில்லை, வாங்கினது, நான் வாங்கினது. அப்பா நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். கருவாட்டுக்காரம்மாவை இல்லை. என்னை. என் குதிகாலில் ஒட்டியிருக்கிற பிளாஸ்திரி வரைக்கும் பார்க்கிறார். அப்புறம் இடது கையால் ஆல்பத்தைக் காட்டுகிறார், எடு என்று. எடுக்காமல் நிற்கிறேன். அம்மா எடுத்துத் தருகிறாள், "என்னங்க, கெடச்சிருச்சா? மாதாவே, கெடச்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே கடைசிப் பக்கத்தைத் திறக்கிறாள். தன் சட்டத்தை ஒரு தடவைகூட மீறாத மனுஷன், உறையின் வாயை நகத்தால் விரித்து, பொய்க்காயம் பட்ட அந்தக் காசை உள்ளே தள்ளி, கட்டைவிரலால் அழுத்தி, நேராக்கினார். அம்மா அழுகிறாள், கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் கும்பிடுகிறாள். பக்கம் நிறைந்துவிட்டது. அழகாக இருக்கிறது, அய்யோ, எவ்வளவு அழகாக இருக்கிறது, ஒரு இடம்கூட விட்டுப்போகாமல். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிவந்தால் ஆட்டுவாரே, அப்படி. பிறகு ஆல்பத்தை மூடி என் பக்கம் நகர்த்திவிட்டு, தலையைக் குனிந்து, தோளிலிருந்த பையின் வாரை இடது கையால் கழற்றினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தூங்கும்போதுகூடக் கழற்றாத பை. அம்மா அதை வாங்கி ஆணியில் மாட்டப் போனாள், "தோளுக்கு இனியாவது ரெஸ்டு குடுங்க," என்றாள் சந்தோஷமாக. அப்பா டியூட்டி முடிந்த ஆள் மாதிரி பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார், மூச்சு சீராக வந்தது. வலது கை மடியில் மல்லாக்கக் கிடக்கிறது, யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரி. விரல் ஒன்றுகூட அசையவில்லை. நான் கூடையை இறக்கவில்லை. "தம்பி," என்றேன், செல்லக்கண்ணம்மாவின் குரல் எனக்கே சரியாக வரவில்லை, "தம்பி சவரி, காசு வாங்கிக்கிட்டு டிக்கெட்டு தரலியேப்பா." கண் திறக்கவில்லை. "யோவ் கண்டக்டரு, ஒன்னத்தான்யா, டிக்கெட்டு." ஜன்னல் விளிம்பில் டிக்கெட் கட்டு காற்றில் படபடத்தது. கூடையோடு கிட்டே போய்க் குனிந்து, எந்தக் குரலும் கிடைக்காமல், கேட்டேன், "அப்பா, டிக்கெட்டுப்பா."